ஏசியை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக், நம்பலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. சென்னை கொட்டிவாக்கத்தில் நானும் என் கணவரும் மட்டும் இருக்கிறோம். அவர் இதய நோயாளி, வெயில் தாங்காது. படுக்கையறையில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி, வாங்கி ஏழு வருடம் ஆகிறது. உள்ளே இருப்பது ஆர்32 கேஸ். போன வருடம் ஏப்ரலில் கூலிங் குறைந்தது. வழக்கமாக வரும் மெக்கானிக் தம்பி 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கேஸ் அடித்தார். செப்டம்பரில் மறுபடியும் அடித்தார். இந்த மே மாதம் மறுபடியும் அதே கதை. வெளியே இருக்கும் யூனிட்டின் குழாயில் ஐஸ் கட்டுகிறது. வந்து பார்த்துவிட்டு, "உள்ளே காயில் லீக்கும்மா, கம்ப்ரஸரும் வீக் ஆயிடுச்சு, இந்த கேஸும் இனிமே வராது. பதினைஞ்சாயிரம் செலவு பண்றதுக்குப் புதுசா வாங்கிடுங்க, பழசை நானே 3,000 ரூபாய்க்கு எடுத்துக்கறேன்" என்கிறார். ஆறு வருடமாக வருகிறவர், மரியாதையான பையன். பெங்களூரில் இருக்கும் என் மகளோ, "அவன் உங்களை ஏமாத்தறாம்மா" என்கிறாள். அவரைச் சந்தேகப்படவும் மனசு வரவில்லை, நாற்பதாயிரம் எடுத்துக் கொடுக்கவும் மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்:

வணக்கம் அம்மா. பணக் கணக்கைவிட உங்கள் கடிதத்தில் இருக்கும் மாதக் கணக்குதான் என் கண்ணை உறுத்தியது. ஏப்ரலில் கேஸ், செப்டம்பரில் கேஸ், மே மாதம் மறுபடியும் கூலிங் இல்லை. ஏசியின் கேஸ் ஸ்கூட்டருக்குப் போடும் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். அந்தக் குழாய் உள் யூனிட்டிலும் வெளி யூனிட்டிலும் மடிந்து மடிந்து இருக்கும் பகுதிதான் காயில், கேஸை அழுத்திச் சுற்ற வைக்கும் பம்ப்தான் கம்ப்ரஸர். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலும் இதே வேலைதான் நடக்கிறது. அதற்கு யாரும் வருடா வருடம் கேஸ் அடிப்பதில்லை. கேஸ் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அவ்வளவுதான். "ஏழு வருஷ மெஷின், கேஸ் குறையத்தான் செய்யும்" என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள்.

அப்படியானால் ஏப்ரலிலேயே அந்த ஓட்டையைத் தேடியிருக்க வேண்டும். தேடவில்லை. இதில் அந்தத் தம்பியை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் இந்தத் தொழிலில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு நாளைக்குப் பத்து வீட்டுக்குப் போன் வரும். ஓட்டையை ஒழுங்காகத் தேட அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்குக் கூலி கேட்டால், "சும்மா பாத்ததுக்கா ஆயிரம் ரூபாய்?" என்பார்கள். கேஸ் அடித்தால் அரை மணி நேரத்தில் அறை குளிர்ந்துவிடும், கேட்காமலே 3,000 ரூபாய் கொடுப்பார்கள். யோசிப்பதற்குக் காசு இல்லை, ஊற்றுவதற்குத்தான் காசு என்று நாமே பழக்கிவிட்டோம். அந்தப் பழக்கத்துக்கு நீங்கள் இதுவரை 6,000 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் மகள் சொல்வது போல அவர் ஏமாற்றுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊகித்துச் சொல்கிறார். ஊகத்தை முடிவு மாதிரி சொல்லிவிட்டார். அவர் சொன்ன மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் ஒன்று நிஜமாக இருக்க வாய்ப்பு அதிகம், ஒன்றை இப்போது யாராலும் சொல்ல முடியாது, ஒன்று நிச்சயமாகத் தப்பு.

தப்பானதை முதலில் முடித்துவிடலாம். "இந்த கேஸ் இனிமே வராது" என்பது பழைய ஆர்22 கேஸுக்குப் பொருந்தும் பேச்சு. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி நம்மைப் போன்ற நாடுகள் 2030-க்குள் அதை ஏறக்குறைய முழுவதும் நிறுத்த வேண்டும். உங்களுடையது ஆர்32. அது ஓசோனைத் தொடுவதில்லை. பூமியைச் சூடாக்கும் வகையைச் சேர்ந்தது என்பதால் 2016-இல் ருவாண்டா நாட்டின் கிகாலியில் போட்ட உடன்பாட்டுக்குள் வருகிறது. இந்தியா 2021-இல் அதை ஏற்றது. அதன்படி இந்த வகைக் கேஸ்களின் மொத்த அளவு 2028-இல் மேலே ஏறாமல் நிறுத்தப்படும், 2032-இல் பத்து சதவீதம் குறையும், அப்புறம் படிப்படியாகக் குறைந்து 2047-இல்தான் 85 சதவீதக் குறைப்பு வரும். இன்றைக்குக் கடையில் வாங்கும் புது ஏசிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பதும் இதே ஆர்32தான். இந்தக் காரணத்துக்காக மெஷினை மாற்ற வேண்டாம்.

அடுத்தது கம்ப்ரஸர். அவர் சொன்னதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். கேஸ் குறைவாக இருக்கும் மெஷினில் கம்ப்ரஸர் வீக்கா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. பாதி அரிசியைப் போட்டுவிட்டு, கிரைண்டர் மாவைக் குறைவாகத் தருகிறது என்று குறை சொல்கிற மாதிரி அது. கேஸ் குறைந்தால் கம்ப்ரஸருக்கு அழுத்துவதற்குப் பொருள் இருக்காது, கரண்ட்டும் குறைவாகத்தான் இழுக்கும், அறையும் குளிராது.

இன்னொன்று, இந்த இரண்டு கோளாறுக்கும் கேஜில், அதாவது அழுத்தம் காட்டும் மீட்டரில், ஊசி எதிரெதிர்ப் பக்கம் போகும். மெக்கானிக் அவுட்டோர் யூனிட்டின் தடித்த குழாய் வால்வில் கேஜை மாட்டுவார், பார்த்திருப்பீர்கள். ஆர்32 மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது அந்த ஊசி சுமார் 120-இலிருந்து 150 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை காட்டும். கேஸ் குறைவென்றால் அதற்குக் கீழே இறங்கும். கம்ப்ரஸர் உண்மையிலேயே வீக் என்றால் அது கேஸை இழுத்து அழுத்தாது, அதனால் அதே ஊசி இருக்க வேண்டிய இடத்துக்கு மேலேயே நிற்கும். ஒரே நேரத்தில் ஒரே ஊசியைப் பார்த்து, "கேஸும் இல்லை, கம்ப்ரஸரும் வீக்" என்று சொல்ல வழி கிடையாது. கேஸை முதலில் சரியான அளவுக்கு நிரப்பி, ஃபில்டரும் இரண்டு காயில்களும் சுத்தமாக இருக்கும்போது, கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டி எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்து, அதை மெஷினில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு ஒப்பிட்ட பிறகுதான் கம்ப்ரஸரைப் பற்றிப் பேச வேண்டும்.

பேசுவதற்கு முன்னால் உங்கள் பீரோவில் இருக்கும் வாரண்டி கார்டை எடுத்துப் பாருங்கள். இன்வெர்ட்டர் ஏசி பலவற்றுக்கு, மெஷினுக்கு ஒரு வருடம் என்றாலும் கம்ப்ரஸருக்கு மட்டும் பத்து வருடம் கொடுத்திருப்பார்கள். உங்களுடையது ஏழு வருடம். கம்ப்ரஸர் போனது உண்மையாகவே இருந்தாலும், கம்பெனி புதிது மாற்றித் தர வேண்டிய நிலையில் நீங்கள் இருக்கலாம். கேஸுக்கும் கூலிக்கும் தனியாகக் கேட்பார்கள், அதுவும் கார்டிலேயே எழுதியிருக்கும். ஆறு வருடமாக வரும் ஒருவர், "கார்டு இருக்காம்மா?" என்று கேட்காமல் புது மெஷினுக்குப் போனது எனக்குப் பிடிக்கவில்லை. புது ஏசி விற்கும் கடை, ஆள் அனுப்பியவருக்குக் கமிஷன் தருவது உண்டு. பழைய மெஷினில் இருக்கும் செம்புக்கும் கம்ப்ரஸருக்கும் காயலான் கடையில் நல்ல விலை உண்டு. அதில் தப்பொன்றும் இல்லை, அவரும் பிழைக்க வேண்டும். ஆனால் புதுசு வாங்கச் சொல்லும் ஆலோசனையில் அவருக்கு இரண்டு வரும்படி இருக்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இப்போது லீக். இதை நான் நம்புகிறேன். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், குழாயில் ஐஸ் கட்டுகிறது என்று. நாளைக்கு ஏசியை இருபது நிமிடம் ஓடவிட்டு, அவுட்டோர் யூனிட்டில் சேரும் இரண்டு குழாய்களையும் பாருங்கள். மெல்லிய குழாயில் மட்டும் வெள்ளையாகப் பனி படிந்து, தடித்த குழாய் தொட்டால் குளிர்ச்சியே இல்லாமல் இருந்தால் கேஸ் குறைவு. தடித்த குழாய் வரைக்கும் ஐஸ் ஏறியிருந்தால் கேஸைச் சந்தேகிக்கும் முன் உள்ளே இருக்கும் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள், காற்று போக வழியில்லாமல் காயில் உறைந்திருக்கலாம். ஃபில்டர் கழுவியே சரியான வீடுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

சரி, லீக் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது உள்ளே காயிலில்தான் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்து, எங்கே நுரை வந்தது என்று காட்டினாரா? உங்கள் கடிதத்தில் அது இல்லை.

சில வருடங்களுக்கு முன் அடையாறில் ஒரு வீட்டுக்குப் போனேன். காயில் லீக் என்று சொல்லி யாரோ புதுக் காயில் மாற்றியிருந்தார்கள், நாலே மாதத்தில் மறுபடியும் கேஸ் இல்லை. அவுட்டோர் யூனிட்டில் குழாய் வந்து சேரும் இடத்தில் ஒரு பித்தளை நட் இருக்கும், ஃப்ளேர் நட் என்போம். அந்த நட்டைச் சுற்றி விரலகலத்துக்குக் கறுப்பாக ஒரு பிசுக்கு. கேஸ் கசியும்போது கம்ப்ரஸர் ஆயிலும் கொஞ்சம் கூடவே வரும், அதில் தூசி ஒட்டி இப்படிக் கறை பிடிக்கும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, பிரஷால் தொட்டு வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் நட்டின் ஓரத்தில் கடுகளவு ஒரு சோப்பு முட்டை. அது மெதுவாக மிளகளவு ஆகி உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். புதுக் காயிலுக்குக் கொடுத்த பணம் அத்தனையும் வீண். குழாயின் வாயை வெட்டி, மறுபடி விரித்து, நட்டை மாட்டினால் முடிகிற வேலை அது.

உங்கள் தம்பியிடமும் இதைத்தான் கேட்க வேண்டும்: எனக்குக் காட்டுப்பா. சோப்பு நுரை போதாது என்றால் நைட்ரஜன் டெஸ்ட் இருக்கிறது. மிச்சக் கேஸைத் தனிச் சிலிண்டரில் எடுத்து, அவுட்டோர் யூனிட்டின் வால்வுகளை அடைத்துவிட்டு, இன்டோர் காயிலுக்குள் நைட்ரஜனைச் சுமார் 300 பிஎஸ்ஐ ஏற்றி, மூடி, கேஜை அப்படியே விட்டுவிடுவார்கள். நீங்கள் மொபைலில் அந்த ஊசியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரம் கழித்து, முடிந்தால் மறுநாள் காலையில், இன்னொரு படம். இரவில் அறை பத்து டிகிரி குளிர்ந்தால் அதனாலேயே பத்து பிஎஸ்ஐ இறங்கும், அது லீக் ஆகாது. முப்பது, நாற்பது இறங்கியிருந்தால் அந்தப் பக்கம் ஓட்டை இருக்கிறது. அப்புறம் காயிலைக் கழற்றி, நைட்ரஜனோடு தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் குமிழி வரும் இடம் கண்ணுக்குத் தெரியும். ஊசி இறங்கவே இல்லை என்றால் காயில் நன்றாக இருக்கிறது, வெளியே தேட வேண்டும். ஒரு எச்சரிக்கை: நைட்ரஜனுக்குப் பதில் ஆக்ஸிஜன் சிலிண்டரை யாராவது கொண்டுவந்தால் மாட்டவே விடாதீர்கள். உள்ளே இருக்கும் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும்.

காயிலில்தான் ஓட்டை என்று வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். நீங்கள் இருக்கும் இடம் அப்படி. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். கடலிலிருந்து உப்புக் காற்று வந்து அலுமினியத் தகடும் செம்புக் குழாயும் சேரும் இடத்தை அரிக்கும். சாக்கடை கலந்த கால்வாயிலிருந்து வரும் அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு, அது செம்பைக் கறுக்க வைத்து அரித்துவிடும். ஒரு விஷயம் பாருங்கள்: உங்கள் பூஜை அறையில் வெள்ளி விளக்கைத் துலக்கி வைத்தால் எத்தனை நாளில் கறுக்கிறது? சில வாரத்திலேயே கறுத்துவிடுகிறது என்றால் அதே காற்றுதான் படுக்கையறைக் காயிலையும் தொடுகிறது. அப்படி இருந்தால் புது ஏசி வாங்கினாலும் இதே தொல்லை சில வருடத்தில் வரும். புதுசு வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து நாற்பதாயிரம் கொடுக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

என் கருத்தைக் கேட்டால், டெஸ்டில் காயில் ஓட்டை உறுதியாகி, அவுட்டோர் யூனிட் பக்கம் சுத்தமாக இருந்து, கம்பெனிக் காயில் கிடைத்தால் மாற்றிக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் மெஷினுக்கு ஏழு வருடம் பெரிய வயதில்லை. ஓட்டையைப் பற்றவைத்து அடைத்துத் தருகிறேன் என்றால், ஒற்றை ஓட்டைக்குச் சரி. அரிப்பால் வந்த ஓட்டைக்கு வேண்டாம், ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று வரும். வெளிக் காயிலும் உதிர்கிறது, எலக்ட்ரானிக் போர்டும் ஒருமுறை மாற்றியாகிவிட்டது என்றால்தான் புதுசு வாங்கச் சொல்வேன்.

எதைச் செய்தாலும் கேஸ் நிரப்பும்போது பக்கத்தில் நில்லுங்கள். முதலில் வாக்குவம் பம்பை மாட்டி, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் அரை மணி நேரமாவது இழுக்க வேண்டும். கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் துரத்துகிறேன் என்பது ஆர்32-வில் ஆகாது. அப்புறம் தராசு. சமையல் சிலிண்டரை 14.2 கிலோ என்று எடை போட்டுத்தானே தருகிறார்கள்? கடைசிச் சொட்டு வரை சிலிண்டரில் அழுத்தம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், அதனால் அழுத்தத்தைப் பார்த்து அளவு சொல்ல முடியாது. இங்கேயும் அதே கதை. இன்வெர்ட்டர் மெஷினில் கம்ப்ரஸரின் வேகம் ஏறி இறங்குவதால் ஊசியை மட்டும் பார்த்து அடிப்பது இன்னும் மோசம். அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் கேஸ் என்று போட்டிருக்கும், ஒன்றரை டன்னுக்குப் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள். அந்தக் கிராமைத் தராசில் உங்களுக்குக் காட்ட வேண்டும். ஆர்32 லேசாகத் தீப்பற்றும் கேஸ். படுக்கையறைக் கதவு, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, கேஸ் முழுவதும் வெளியேறிய பிறகுதான் அங்கே நெருப்பு வைத்துக் குழாயைப் பற்றவைத்து ஒட்ட வேண்டும். இத்தனை மாதமாக மெதுவாகக் கசிந்ததை நினைத்துப் பயப்பட வேண்டாம், அவ்வளவு சிறிய அளவு அறையில் தங்காது.

இரண்டாவது மெக்கானிக்கைக் கூப்பிடுவது நல்லது. முதலாமவர் சொன்னதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். "கூலிங் இல்லை, ஒரு வருடத்தில் இரண்டு தடவை கேஸ் அடிச்சாச்சு, பாருங்க" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். காயில் லீக்காம் என்று நீங்களே எடுத்துக் கொடுத்தால் அவரும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார். "பார்க்கிற கூலி எவ்வளவோ அதைத் தந்துவிடுகிறேன், வேலை உங்களிடம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும்" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். கம்பெனி சர்வீஸில் வாரண்டிக்கு மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு நீங்களே பேசலாம், தமிழிலும் பேசலாம்.

உங்கள் கணவருக்காக ஒன்று. இந்த டெஸ்டெல்லாம் முடிய நாலைந்து நாள் ஆகலாம். மே மாத வெயிலில் அவரை வேக வைக்க வேண்டாம். இடையில் ஒரு முறை கேஸ் அடித்துக்கொண்டால் தப்பில்லை, அது தற்காலிகம் என்று தெரிந்தே செய்யுங்கள், எத்தனை கிராம் போனது என்று எழுதி வாங்குங்கள். அந்த எண் பின்னால் லீக் எவ்வளவு வேகம் என்று சொல்லும்.

பழைய தம்பியை விட்டுவிட வேண்டும் என்றும் இல்லை. அவரையே கூப்பிட்டு, "நைட்ரஜன் டெஸ்ட் பண்ணிக் காட்டுப்பா, அதுக்கு உண்டான கூலியைத் தனியாத் தரேன்" என்று சொல்லிப் பாருங்கள். நைட்ரஜன் சிலிண்டரோடு வந்தால் ஆறு வருடப் பழக்கத்தை நீங்கள் இழக்கத் தேவையில்லை. "அதெல்லாம் வேணாம்மா, எனக்குத் தெரியாதா?" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். டெஸ்ட் முடிந்ததும் அந்த இரண்டு படங்களில் ஊசி எங்கே நின்றது, ஸ்டிக்கரில் எத்தனை கிராம் போட்டிருக்கிறது, இந்த மூன்று எண்களையும் எனக்கு எழுதுங்கள். ஓட்டை எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்கிறேன்.